உங்கள் இடத்துக்கு வந்தவர் காயப்பட்டால்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு ஒரு சட்ட வழிகாட்டி

கன்னியாகுமரி சன்னதித் தெருவில் ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுப்பவரும், மார்த்தாண்டத்தில் துணிக்கடை திறப்பவரும், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றுபவரும் உரிமம், ஜி.எஸ்.டி., மின் இணைப்பு ஆகியவற்றைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பணத்தை இறக்குகிறார்கள். தங்கள் இடத்துக்கு வந்த ஒருவர் அங்கே வழுக்கி விழுந்தோ, மின்சாரம் தாக்கியோ, தலையில் ஏதாவது விழுந்தோ காயப்பட்டால் சட்டம் யாரை, எந்த அளவுக்குப் பொறுப்பாக்கும் என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலோர் விபத்து நடந்த பிறகே கேட்கிறார்கள். அதை முன்கூட்டியே கேட்பவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் இங்கே சொல்கிறேன். வேலைக்கு வைத்திருக்கும் ஊழியர்களின் காயத்துக்கு வேறு சட்டங்கள் இருப்பதால் அதை இங்கே தொடவில்லை. விபத்து ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

பொறுப்பு எங்கிருந்து வருகிறது

இங்கிலாந்தில் இதற்கென்று 1957ஆம் ஆண்டிலிருந்து ஒரு தனிச்சட்டம் உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் தனிச்சட்டம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று நினைப்பது பெரும் பிழை. ஒரு காயம் மூன்று வெவ்வேறு இடங்களில் உங்களைக் கொண்டு நிறுத்த முடியும்.

முதலாவது சிவில் நீதிமன்றம். கவனக்குறைவால் ஏற்பட்ட தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு அங்கே வரும். நீதிமன்றங்கள் நெடுங்காலமாகத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்துவந்த பொதுச்சட்டக் கோட்பாடுகளை வைத்து அதை முடிவு செய்கின்றன. இரண்டாவது நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே கவனக்குறைவும் அடங்கியிருப்பதால், அறை வாடகை கொடுத்துத் தங்கியவரோ உணவுக்குப் பணம் செலுத்தியவரோ அங்கே போக முடியும். மூன்றாவது காவல் நிலையம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு, பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உண்டாக்கும் அசட்டையான செயலுக்கு, கொடுங்காயம் நேர்ந்தால் 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. உயிரிழப்பு நேர்ந்தால் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை போகும். கட்டடத்தைப் பழுதுபார்ப்பதிலும் இடிப்பதிலும் காட்டும் அசட்டைக்கு 290ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. குற்ற வழக்கு நிற்பதற்கு வேண்டிய கவனக்குறைவு சிவில் வழக்குக்கு வேண்டியதைவிடக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் வழக்கு நிற்குமா என்பது தெரியவே சில ஆண்டுகள் ஆகிவிடும்.

மூன்று இடங்களிலும் அடிப்படையாகக் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒன்றுதான். அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, அங்கிருந்த ஆபத்து அவருக்குத் தெரிந்திருந்ததா அல்லது கவனித்திருந்தால் தெரிந்திருக்குமா, தெரிந்த பிறகு ஒரு நியாயமான மனிதர் செய்யக்கூடியதை அவர் செய்தாரா என்பவையே அந்தக் கேள்விகள். வந்தவர் விழுந்தார் என்பதால் மட்டும் நீங்கள் பணம் கொடுக்க வேண்டியவர் ஆகிவிட மாட்டீர்கள். இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தயாரித்து வைப்பதற்காகத்தான்.

முதல் வேலை: எது உங்கள் கட்டுப்பாட்டில் என்று எழுதி வாங்குங்கள்

பொறுப்பு பட்டாவில் இருக்கும் பெயரைப் பார்த்து வருவதில்லை. இடத்தை நடைமுறையில் ஆள்பவரைப் பார்த்து வருகிறது. நாகர்கோவிலில் ஒரே கட்டடத்தில் கீழே நகைக்கடை, மாடியில் டியூஷன் சென்டர், அதற்கு மேல் ஒரு அலுவலகம் என்று இருக்கும்போது, கடைக்குள் நடக்கும் விபத்துக்குக் கடைக்காரரும், பொதுப் படிக்கட்டில் நடக்கும் விபத்துக்கு அதைத் தன் கைவசம் வைத்திருக்கும் கட்டட உரிமையாளரும் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நம் ஊர் வாடகை ஒப்பந்தங்கள் அட்வான்ஸ் தொகையையும் மாத வாடகையையும் தெளிவாக எழுதிவிட்டு, பொதுப் படிக்கட்டின் கைப்பிடியை யார் சரிசெய்வது, லிஃப்டின் பராமரிப்பு யாருடையது, முன்புறத்து ஓடையின் மேல் போட்ட ஸ்லாப் உடைந்தால் யார் மாற்றுவது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காயப்பட்டவரை இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது; அவர் உங்கள் இருவர் மீதும் வழக்குப் போடலாம். ஆனால் இழப்பீட்டை யார் எவ்வளவு தாங்குவது என்ற உங்களுக்குள்ளான கணக்குக்கு அந்த ஒரு பத்தி மிகவும் பயன்படும்.

ஸ்லாப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓடை மாநகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ சொந்தமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடைக்கு வழி வேண்டும் என்று நீங்களே போட்ட ஸ்லாப் உடைந்து ஒருவர் கால் உள்ளே போனால், உள்ளாட்சியைக் கைகாட்டித் தப்புவது கடினம்.

இரண்டாவது வேலை: யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று பாருங்கள்

பொருள் வாங்காமல் பார்த்துவிட்டுப் போகிறவரும் உங்கள் தொழிலுக்காக உள்ளே அழைக்கப்பட்டவர்தான். பார்சல் கொண்டுவருபவர், ஏ.சி. மெக்கானிக், கல்யாண மண்டபத்துக்கு வந்த விருந்தாளி, அம்மாவோடு வந்த குழந்தை ஆகிய எல்லோருக்கும் நீங்கள் கவனம் காட்டக் கடமைப்பட்டவர். குழந்தைகளைப் பொறுத்தவரை இந்தக் கடமை கூடுகிறது. தடுப்பில்லாத கிணறும் மூடாத தண்ணீர்த் தொட்டியும் பெரியவருக்கு எச்சரிக்கையாகத் தெரியலாம், நாலு வயதுப் பிள்ளைக்கு அவை விளையாட்டு இடமாகத்தான் தெரியும். அந்த வயதுப் பிள்ளை கவனமாக இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

அனுமதியில்லாமல் நுழைகிறவர் விஷயத்தில் கடமை குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை. கழிவறைக்குப் போகும் வழியில் மறைவாக மின்கம்பி கட்டி, அனுமதியின்றி வந்த பெண் அதில் பட்டு இறந்த ஒரு பீகார் வழக்கில், அத்துமீறி வந்தவர் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1963இல் ஏற்க மறுத்து, கம்பி கட்டியவரின் தண்டனையை உறுதி செய்தது. மலையடிவாரத்தில் பன்றிக்காக வேலியில் நேரடியாக மின்சாரம் கொடுக்கும் பழக்கம் உள்ள தோட்டங்களை விருந்தினர் இல்லமாக மாற்றுவோர் முதல் நாளிலேயே அந்தக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது வேலை: வாடிக்கையாளரைப் போல நடந்து பாருங்கள்

கடையைத் திறப்பதற்கு முன் ஒரு முறையும், மழை நாளில் ஒரு முறையும், இரவில் விளக்குப் போட்டு ஒரு முறையும் வாசலிலிருந்து கழிவறை வரை நடந்து பார்க்க வேண்டும். இயன்றால் வயதான ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத அரை அங்குல ஏற்றம் அவர் காலுக்குத் தெரியும்.

குமரி மாவட்டத்துக்கென்று சில ஆபத்துகள் உண்டு, வெளியூர்க் கையேடுகளில் அவை இருப்பதில்லை. இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கின்றன. அதனால் ஜூனில் முற்றத்துத் தளத்தில் படியும் பாசி டிசம்பர் வரைக்கும் முழுவதும் காய்வதில்லை. வாசலில் பளபளப்பான கிரானைட் போடுவது கௌரவமாகத் தோன்றலாம். நனைந்த செருப்போடு ஏறுகிறவருக்கு அதைவிட மோசமான கல் கிடையாது. சொரசொரப்பான டைல்ஸ் அல்லது நெருப்பில் வாட்டிய கிரானைட் போடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் படிகளின் விளிம்பில் சொரசொரப்புப் பட்டை ஒட்டுங்கள். மழைக் காலத்தில் வாசலில் மிதியடி போட்டால் மட்டும் போதாது. அது தண்ணீரில் ஊறிய பிறகு அதுவே வழுக்கும் என்பதால் மாற்று மிதியடி ஒன்று எப்போதும் வேண்டும்.

அடுத்தது கடற்காற்று. முட்டம், சங்குத்துறை, சொத்தவிளை, கன்னியாகுமரி என்று கடலோரம் முழுக்க உப்புக் காற்று இரும்பை உள்ளிருந்து தின்கிறது. பால்கனிக் கைப்பிடி வெளியே பெயின்ட் மின்ன நிற்கும்; சுவரில் புதைந்த அடிப்பகுதி துருவேறிக் காகிதம்போல் ஆகியிருக்கும். சூரிய உதயம் பார்க்க ஒரே பால்கனியில் பத்துப் பேர் சாயும் ஊர் இது என்பதை மறக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வெல்டரை அழைத்து ஒவ்வொரு கைப்பிடியையும் பலமாக அசைத்துப் பார்க்கச் சொல்லி, அதற்கு ரசீதும் வாங்கி வையுங்கள். அதே உப்புதான் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் வீங்க வைத்து, சன்ஷேடின் அடிப்பகுதியைப் பெயர்ந்து விழச் செய்கிறது.

பழைய கட்டடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். டெல்லி சாந்தினி சௌக்கில் 1951இல் மணிக்கூண்டு இடிந்து விழுந்து சிலர் இறந்த வழக்கில், மக்கள் நடமாடும் வழியை ஒட்டிய கட்டடத்தைப் பராமரிப்பவர் உள்ளே மறைந்திருந்த பழுது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என உச்ச நீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. கட்டடம் தானாக இடிந்து விழாது. விழுந்ததே கவனக்குறைவுக்கு முகாந்திரம் என்பது அதன் சாரம். கோட்டாறிலும் குளச்சலிலும் கடைவீதியை ஒட்டி நிற்கும் நூறாண்டு ஓட்டுக் கட்டடங்களை வாடகைக்கு எடுப்போர் ஒரு கட்டடப் பொறியாளரிடம் உறுதிச் சான்று வாங்கிய பிறகே பலகை மாட்டுவது நல்லது.

மூன்றாவது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் நிற்பதற்கான அதே காரணம்தான் தோவாளையிலும் நாகர்கோவிலிலும் விளம்பரப் பலகைகள் பறப்பதற்கும் காரணம். இயற்கைப் பேரிடர் என்ற எதிர்வாதம் சட்டத்தில் உண்டு. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது போன்ற நிகழ்வுக்கு அதைச் சொல்லிப் பார்க்கலாம். ஆண்டுதோறும் ஆடியில் வீசும் காற்றுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அந்தக் காற்று வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தென்னையும் அப்படித்தான். ரிசார்ட் முற்றத்தில் தென்னைக்கு அடியில் நாற்காலி போடுவது படத்துக்கு அழகு. காய்ந்த மட்டையும் முற்றிய தேங்காயும் விழும் என்று தெரிந்தே போடுவது, ஆபத்து தெரிந்திருந்தது என்ற கேள்விக்கு நீங்களே எழுதித் தரும் பதில். ஒன்று, குறித்த இடைவெளியில் ஆள் ஏற்றி வெட்டுங்கள். அல்லது நாற்காலியை மாற்றுங்கள்.

படிக்கட்டைப் பொறுத்தவரை, வீடல்லாத கட்டடங்களில் படியின் அகலம் 30 செ.மீ.க்குக் குறையாமலும் உயரம் 15 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. வீட்டைக் கடையாக மாற்றியவர்களிடம் இந்த அளவு பெரும்பாலும் இருப்பதில்லை. இடிக்க முடியாவிட்டால் இருபுறமும் கைப்பிடி, நல்ல வெளிச்சம், ஒவ்வொரு படி விளிம்பிலும் நிறக்கோடு ஆகியவற்றையாவது செய்யுங்கள். கண்ணாடிக் கதவில் கண் உயரத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவதும், வாட்டர் ஹீட்டர் உள்ள ஒவ்வொரு அறைக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போடுவதும், லிஃப்டுக்குத் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வாங்கி ஆய்வுகளைத் தவறவிடாமல் இருப்பதும் விளக்கம் தேவையில்லாதவை.

நீச்சல் குளம் வைத்திருப்போர் ஆழத்தை எண்ணால் எழுதி, பாயத் தடை என்று குறித்து, குளம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் நீந்தத் தெரிந்த ஒருவரை அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு ஆள் வைக்க முடியாதவர் குளம் கட்டாமல் இருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. கடல் உங்கள் இடமல்ல. ஆனால் தனிக் கடற்கரை என்று விளம்பரம் செய்து, பின்வாசல் வழியே விருந்தினரை மணலில் இறக்கிவிடுகிறவர் அந்தக் கடலைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டை எதிர்கொள்ள நேரிடும். 2024 மே மாதத்தில் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றபோது, கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை ஏற்கெனவே விடப்பட்டிருந்தது. வெளிமாநிலத்தவருக்கு அந்தச் சொல்லே தெரியாது. எச்சரிக்கை வரும் நாளில் வரவேற்பு மேசையில் அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி வைத்து, வாயாலும் சொல்லுங்கள்.

நான்காவது வேலை: அகற்று, அடை, பிறகுதான் அறிவிப்பு

கண்ட ஆபத்தை முதலில் அகற்ற வேண்டும். உடனே அகற்ற முடியாவிட்டால் கயிறோ தடுப்போ கட்டி அந்தப் பக்கம் யாரும் போகாமல் அடைக்க வேண்டும். அதுவும் முடியாத இடத்தில்தான் அறிவிப்புப் பலகை. நம் கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பலகையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஈரத் தரை என்று எழுதிய மஞ்சள் பலகை துடைக்கும் பத்து நிமிடத்துக்குப் பொருத்தம்; மூன்று மாதமாகக் கசியும் குழாய்க்கு அடியில் அதை நிறுத்தி வைத்தால், கசிவு உங்களுக்கு மூன்று மாதமாகத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எந்தச் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருடு போன வழக்கில், உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும் ஓட்டல் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பைக் கழற்றிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. அது பொருள் பற்றிய வழக்குதான். கார் விஷயத்திலேயே செல்லாத வாசகம் காலும் கையும் உடைந்த வழக்கில் செல்லும் என்று எதிர்பார்ப்பது வீண்.

அரசு உரிமம் இருக்கிறது என்பதும் கவசம் அல்ல. 1997 ஜூன் 13இல் 59 பேர் இறந்த டெல்லி உபஹார் திரையரங்கத் தீவிபத்தில், கூடுதல் இருக்கைகள் போட்டு வெளியேறும் வழியைக் குறுக்கியது முக்கியக் குறைபாடாகக் காணப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2011இல் இழப்பீட்டில் 85 விழுக்காட்டைத் திரையரங்க உரிமையாளர் மீதும் 15 விழுக்காட்டை மின்வாரியத்தின் மீதும் சுமத்தியது. உரிமம் வழங்கிய அதிகாரிகள் மீது சுமத்தவில்லை. முகூர்த்த நாளில் பந்திக்கு இடம் போதாமல் மண்டபத்தின் பின்வாசலில் மேசை போட்டு அடைப்பவர்களும், ஐயப்பப் பக்தர் கூட்டம் நிறையும் கார்த்திகை, மார்கழியில் லாட்ஜ் வராண்டாவில் பாய் விரித்து ஆள் ஏற்றுபவர்களும் அந்தப் பங்கீட்டை நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

எல்லாவற்றிலும் மலிவானதும், ஏறக்குறைய யாரும் செய்யாததும் இதுதான். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது, ஒருவர் விழுந்தார் என்றால், அந்த எண்ணெய் எவ்வளவு நேரமாக அங்கே கிடந்தது என்பதுதான் வழக்கின் முடிச்சு. இரண்டு நிமிடத்துக்கு முன் இன்னொரு வாடிக்கையாளர் சிந்தியது என்றால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. காலையிலிருந்து கிடந்தது என்றால் தெரிந்திருக்க வேண்டும். இதை நிரூபிக்க வாய்ச்சொல் போதாது. தேதி, நேரம், பார்த்த இடம், கண்டது, செய்தது, கையெழுத்து என்று ஆறு கட்டங்கள் போட்ட ஒரு நோட்டில், ஊழியர் குறித்த நேரங்களில் தரையையும் படியையும் கழிவறையையும் பார்த்து எழுதி வந்தால், அந்த நோட்டே உங்கள் முதல் சாட்சி ஆகும். மாதக் கடைசியில் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் நிரப்பிய நோட்டு உதவாது என்பது மட்டுமல்ல, குறுக்கு விசாரணையில் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். வெல்டர், எலக்ட்ரீஷியன், தென்னை ஏறியவர் ஆகியோரின் ரசீதுகளையும் அதிலேயே ஒட்டி வையுங்கள்.

ஆறாவது வேலை: காப்பீடு

1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தை ஏஜென்ட் ஒருவர் மேற்கோள் காட்டினால் குழம்ப வேண்டாம். அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. கடைக்கும் லாட்ஜுக்கும் வேண்டியது சாதாரணப் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. கடைக்காரர்களுக்கென்று தீ, திருட்டு, கண்ணாடி என்று சேர்த்து விற்கப்படும் தொகுப்புப் பாலிசியில் இது ஒரு பிரிவாக இருக்கும். பலர் பிரீமியத்தைக் குறைப்பதற்காக அந்தப் பிரிவைத்தான் முதலில் நீக்குகிறார்கள்.

வாங்கும்போது ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, ஓர் ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்ற இரண்டு வரம்பையும் கேளுங்கள். நீச்சல் குளம், லிஃப்ட், உணவால் வரும் பாதிப்பு ஆகியவை உள்ளடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்குச் செலவு அந்த வரம்புக்குள்ளா வெளியேயா என்பதையும் கேளுங்கள். தகவல் தர வேண்டிய கால அளவையும், நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ சமரசம் செய்யவோ கூடாது என்ற நிபந்தனையையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த நாளில் படிக்க நேரம் இருக்காது.

விபத்து நடந்த நாளில்

முதலில் காயப்பட்டவர். 108ஐ அழையுங்கள், உடன் ஓர் ஆளை அனுப்புங்கள், முதல் மருத்துவச் செலவுக்குத் தயங்காதீர்கள். மனிதத்தனம் ஒருபுறம் இருக்க, கீழே விழுந்தவரைக் கவனிக்காமல் விட்ட கோபம்தான் பல வழக்குகளின் தொடக்கம். கொடுக்கும் பணத்துக்கு, பொறுப்பை ஏற்காமல் உதவியாகக் கொடுத்தது என்று எழுதிய ரசீது ஒன்று போதும். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று வலியில் கிடப்பவரிடம் கையெழுத்து வாங்குவது அநாகரிகம், நீதிமன்றத்தில் அது நிற்பதும் அரிது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு எங்கோ கொண்டுபோனால், அங்கே விபத்துப் பதிவேட்டில் எப்படி, எங்கே காயம் பட்டது என்று எழுதுவார்கள். பின்னாளில் ஏ.ஆர். நகல் என்று எல்லோரும் தேடும் காகிதம் அதுதான். அதில் உண்மை எழுதப்படட்டும். வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொல்லாதீர்கள். புகார் வந்து காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான பதிவு) பதிந்தால் பதறாமல் போய் நடந்ததைச் சொல்லுங்கள், வழக்கறிஞரோடு போவது உத்தமம்.

அதே நாளில் இடத்தைப் பல கோணங்களில் படமெடுத்து, பார்த்தவர்களின் பெயரையும் எண்ணையும் குறித்து, விழுந்தவர் அணிந்திருந்த செருப்பு வகை, தரையின் நிலை, வெளிச்சம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும் என்பதால் அன்றே தனி டிஸ்க்கில் எடுத்து வைக்க வேண்டும். அதை நீதிமன்றத்தில் காட்ட, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். பதிவு உங்களுக்கு எதிராக இருந்தாலும் அழிக்கக் கூடாது; சாட்சியத்தை மறைப்பது நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவில் தனிக் குற்றம். உடைந்த ஸ்லாப்பையோ கைப்பிடியையோ படமெடுத்த பிறகு மாற்றிவிடலாம். மாற்றாமல் விட்டு இரண்டாவது ஆள் விழுந்தால் சொல்வதற்கு எந்தப் பதிலும் இருக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

நோட்டீஸ் வந்தால்

வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது நம் ஊரில் ஒரு தந்திரமாகவே கருதப்படுகிறது. தவறான தந்திரம். நோட்டீஸின் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, வழக்கறிஞர் மூலம் சுருக்கமான பதில் கொடுங்கள்.

நுகர்வோர் வழக்கில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கொல்கத்தாவிலிருந்து வந்து உங்கள் லாட்ஜில் விழுந்தவர் நாகர்கோவிலுக்கு வர வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவர் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. மாவட்ட, மாநில, தேசிய ஆணையங்களில் எது என்பதும் எவ்வளவு கட்டணம் என்பதும் அவர் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவாவதில்லை. அவர் சேவைக்காகக் கொடுத்த தொகையை வைத்து முடிவாகிறது. 2,000 ரூபாய் அறை வாடகை கொடுத்தவர், 5 லட்சத்துக்கு உட்பட்ட தொகை என்பதால் கட்டணமே இல்லாமல், 40 லட்சம் இழப்பீடு கேட்கலாம். காயம் ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டு அவருக்கு அவகாசம். உங்களுக்கோ பதில் தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. தபால்காரர் கொண்டுவரும் உறையைப் பிரிக்காமல் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்தவர் தன் பதிலைச் சொல்லும் உரிமையை அங்கேயே இழக்கிறார். காணொலி வழியாக விசாரணையில் பங்கேற்க விண்ணப்பிக்கலாம் என்பது ஒரு ஆறுதல்.

சேவைக்குப் பணம் கொடுக்காமல் வந்து காயப்பட்டவர்களோ பெருந்தொகை கேட்பவர்களோ சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே கால அவகாசம் பொதுவாக 3 ஆண்டு. உயிரிழப்பு நேர்ந்து 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி குடும்பத்தார் கேட்டால் 2 ஆண்டு.

தொகையும் சமரசமும்

இழப்பீடு எவ்வளவு என்பதற்கு நீதிமன்றங்கள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்புகளில் உருவான கணக்கைப் பெரும்பாலும் துணைக்கு எடுத்துக்கொள்கின்றன: மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், எதிர்கால வருமான இழப்பு, வலி, வாழ்க்கை வசதிக் குறைவு என்று அது பிரியும். மருத்துவர் சான்றில் எழுதும் ஊன விழுக்காடும் வருமான இழப்பு விழுக்காடும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியது. முழங்கால் மடங்காமல் போன கணக்காளர் தொடர்ந்து வேலை செய்யலாம். அதே முழங்காலோடு ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி சரிவில் ஏறி இறங்க முடியாது. ஆகவே எதிர்த்தரப்பின் தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் தொகையைப் பற்றிப் பேசத் தொடங்காதீர்கள். விழுந்தவரிடமும் தவறு இருந்தால், உதாரணமாக அவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போயிருந்தால், நீதிமன்றம் அவருடைய பங்கைக் கழித்துக்கொள்ளும். அதைக் காட்ட மீண்டும் அந்தப் படங்களும் நோட்டும்தான் வேண்டும்.

உங்கள் பக்கம் குறை இருப்பது தெளிவாகத் தெரிந்தால் பத்தாண்டு வழக்காடுவதைவிடப் பேசி முடிப்பது இரு தரப்புக்கும் லாபம். நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடுவதற்கு முன்பேகூட லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) மூலம் முடித்துக்கொள்ளலாம். அங்கே பிறப்பிக்கப்படும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தையும் அந்த மேசைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். காயப்பட்டவர் சிறுவர் என்றால் பெற்றோர் முத்திரைத் தாளில் எழுதித் தரும் தனிச் சமரசத்தை நம்பிக் கோப்பை மூடிவிட வேண்டாம். வழக்கு நடக்கும்போது சிறுவர் சார்பில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்ததைப் பிற்காலத்தில் அவர் எதிர்க்கலாம். கால வரம்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சிறுவர்களுக்கு 18 வயது நிறைந்த பிறகும் சிவில் வழக்குப் போட இடம் தருவதால், குழந்தை காயப்பட்ட விபத்தின் நோட்டு, படங்கள், ரசீதுகள், பாலிசி நகல் ஆகியவற்றை அந்தப் பிள்ளைக்கு 21 வயது ஆகும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.